ஓட்டோபைலட் ஓடும்போது விமானிக்கு என்ன வேலை?

ஊருக்கு லீவில் வந்தால் இந்தக் கேள்வி தப்பாது. கல்லடியில் கல்யாண வீடென்றாலும் சரி, மாமாங்கத் தீர்த்தமென்றாலும் சரி, யாராவது ஒரு பெரியப்பா பிடித்து வைத்துக் கேட்பார்: "புள்ள, பிளேன் தானாத்தானே ஓடுதாம். நீங்க ரெண்டு பேரும் முன்னுக்கு இருந்து என்னகா செய்யிற?"

கேட்கிறவர் கிண்டலாகத்தான் கேட்பார். ஆனால் எங்கள் தொழிலில் மிகக் கஷ்டமான பகுதி எதுவோ அதைத்தான் அவர் தொடுகிறார். நான் வளைகுடாவில் ஒரு விமான நிறுவனத்தில் ஏர்பஸ் ஏ320 விமானம் ஓட்டுகிறேன். முதல் அதிகாரி, அதாவது கப்டனுக்குப் பக்கத்து ஆசனம். தரையை விட்டு எழும்பிச் சில நிமிடங்களில் ஓட்டோபைலட்டைப் போட்டுவிடுவோம். இறங்கும்போது பெரும்பாலும் ஓடுபாதை கண்ணில் பட்ட பிறகுதான் அதை எடுப்போம். நாலு மணி நேரப் பயணத்தில் கையால் ஓட்டுவது சில நிமிடம். மிச்சமெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பது.

பார்த்துக்கொண்டிருப்பதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். மெஷின் அடிக்கடி பிழை விட்டால் கஷ்டமே இல்லை, ஆள் தானாகவே விழிப்பாக இருப்பார். ஓட்டோபைலட் பிழை விடுவதே அபூர்வம். இருநூறு தடவை சரியாகச் செய்ததை இருநூற்றியோராவது தடவையும் சந்தேகத்தோடு பார் என்றால் மூளை கேட்காது. இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையின் முன் இருந்தவர்களுக்கும் இதே பிரச்சினை இருந்தது. மணிக்கணக்காக வெறும் திரையைப் பார்த்திருந்துவிட்டு, புள்ளி வரும்போது தவறவிட்டார்கள். நோர்மன் மக்வேர்த் என்ற பிரித்தானிய ஆய்வாளர் இதற்காகவே ஒரு கடிகாரம் செய்து வைத்துச் சோதித்தார். முள் ஒவ்வொரு படியாக நகரும். எப்போதாவது ஒரு தடவை இரட்டைப் படி தாவும். தாவினால் பொத்தானை அழுத்த வேண்டும். 1948இல் அவர் வெளியிட்ட முடிவு: முதல் அரை மணி நேரம் கழிந்ததுமே தவறவிடுவது கூடிவிடுகிறது. சோம்பேறிகளை வைத்துச் செய்த சோதனையல்ல அது. நல்ல தேர்ச்சியுள்ள, கெட்டிக்கார ஆட்களுக்கும் அப்படித்தான்.

ஆகவே "கவனமாக இரு" என்று சொல்லிப் பிரயோசனமில்லை. எனக்குப் பிரயோசனப்பட்டது வேறொன்று: திரையைப் பார்ப்பதற்கு முதல் அதில் என்ன இருக்க வேண்டும் என்று மனதில் சொல்லிவிட வேண்டும். அப்புறம் பார்க்க வேண்டும். சும்மா பார்த்தால் கண் எதையும் பிடிப்பதில்லை. எதிர்பார்த்துப் பார்த்தால் ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் உறுத்தும்.

இதை நான் பெரிய விமானத்தில் படிக்கவில்லை. இரத்மலானையில் பயிற்சி எடுத்த காலத்தில் ஓட்டியது இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய சின்னச் செஸ்னா. அதில் ஓட்டோபைலட் கிடையாது. தூரப் பறப்பு என்று மட்டக்களப்புக்கு அனுப்பினார்கள். எனக்கோ சொந்த ஊருக்கு நானே ஓட்டிக்கொண்டு போகிற புளுகம். மலைநாட்டை வடக்கால் சுற்றிக்கொண்டு கிழக்கே திரும்ப வேண்டும். மடியில் வரைபடம், அதில் பென்சிலால் கோடு, கோட்டில் ஒவ்வொரு அடையாளத்துக்கும் பக்கத்தில் அங்கே சேர வேண்டிய நேரம். மாதுறு ஓயா நீர்த்தேக்கம் இத்தனை மணிக்கு, உன்னிச்சைக்குளம் இத்தனை மணிக்கு, அதற்கப்புறம் வாவி. நேரம் நெருங்கும்போது தேடத் தொடங்க வேண்டும். கீழே குளமொன்று தெரிந்தவுடன் "ஆ, உன்னிச்சை" என்று சொல்லிவிடக் கூடாது என்று பயிற்றுநர் தலையில் அடிக்காத குறையாகச் சொல்வார். மட்டக்களப்பின் மேற்குப் பக்கம் முழுக்கக் குளம்தானே. உறுகாமத்தைப் பார்த்தும் உன்னிச்சை என்று நம்பிவிடலாம். முதலில் குளம் எந்தப் பக்கம் வர வேண்டும், அணைக்கட்டு எந்தத் திசையில் இருக்க வேண்டும், றோட்டு எங்கே வெட்ட வேண்டும் என்று சொல், பிறகு ஜன்னலால் பார் என்பார். அப்படிச் சொல்லிச் சொல்லிப் போய்ப் புதூர்ப் பக்கம் ஓடுபாதை வாவிக்கரையில் தெரிந்தபோது, அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது.

ஏ320இல் உன்னிச்சையைத் தேடத் தேவையில்லை. எல்லாவற்றையும் கணினியே கண்டுபிடித்துத் திரையில் போட்டுவிடும். தேடுகிற அந்தப் பழக்கத்தை மட்டும் நாம்தான் பிடிவாதமாக வைத்திருக்க வேண்டும்.

என் தாய்மாமா மட்டக்களப்பு–கொழும்பு றோட்டில் இரவு வான் வண்டி ஓட்டுகிறவர். விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஏறியதும் இல்லை. ஆனால் அவருடைய வானில் ஒரு சட்டம் இருக்கிறது. முன்சீட்டில் ஏறுகிறவர் நித்திரை கொள்ளக் கூடாது. "புள்ள, பக்கத்தில இருக்கிறவர் கொறட்டை விட்டா எனக்கும் கண் சொக்கும். புணானை தாண்டினா நீ சொல்லிட்டு வரணும், அடுத்தது என்ன வருமென்டு." அடுத்தது வெலிக்கந்தை. அதற்கப்புறம் ஆனை நிற்கிற இடங்கள். அப்புறம் மன்னம்பிட்டிப் பாலம். வருவதற்கு முதலே சொல்ல வேண்டும். வந்த பிறகு சொன்னால் மாமா, "அது எனக்கும் தெரியுதுதானே" என்பார். அவருடைய போனும் முன்சீட்டுக்காரரின் கையில்தான் இருக்கும். வீட்டிலிருந்து மாமி எடுத்தாலும் முன்சீட்டுக்காரர்தான் பேச வேண்டும். எங்கள் நிறுவனம் மொத்தமான புத்தகமொன்றில் பல அத்தியாயமாக எழுதி வைத்திருப்பதை மாமா தேத்தண்ணிக் கடையில் நின்று ரெண்டு நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுவார்.

சரி, கொக்பிட்டில் இது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன்.

எங்கள் முன்னாலிருக்கிற திரையின் மேல் விளிம்பில் ஒரு ஒடுக்கமான பட்டை, ஐந்து பத்தியாகப் பிரிந்திருக்கும். ஓட்டோபைலட் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது, அடுத்து என்ன செய்யப் போகிறது என்று அதில்தான் எழுதியிருக்கும். உயரத்தைப் பிடித்திருக்கிறதா, ஏறுகிறதா, எஞ்சினின் வலு யாருடைய கையில், எல்லாம். ஏதாவது மாறினால் புதிய சொல்லைச் சுற்றி வெள்ளைக் கட்டமொன்று ஒரு 10 விநாடி நின்றுவிட்டு மறைந்துவிடும். மணி அடிக்காது. அதனால் ஒவ்வொரு மாற்றத்தையும் வாய்விட்டு வாசிப்பது வழக்கம். வாசிப்பதே சடங்காகிவிடுகிற ஆபத்தும் உண்டு. பொத்தானை அழுத்துவதற்கு முதல் "இப்போது இந்தச் சொல் வர வேண்டும்" என்று நினைத்துவிட்டு அழுத்துவது என் பழக்கம். நினைத்தது வராவிட்டால், அந்த இடத்திலேயே நின்று ஏன் என்று கேட்க வேண்டும்.

உயரம் மாற்றும்போதும் அப்படித்தான். 24,000 அடிக்கு இறங்கு என்று கட்டுப்பாட்டாளர் சொன்னால் ஒருவர் திருகியைச் சுற்றி 24,000 வைப்பார்; மற்றவர் திரையை விரலால் காட்டிப் படிப்பார். காதில் கேட்டதைத் திருப்பிச் சொல்லக் கூடாது, கண்ணில் தெரிவதைத்தான் படிக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லையென்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். ரேடியோவில் 24 என்று கேட்டுவிட்டு, 34 வைத்திருக்கிற திரையைக் காட்டி "24" என்று சொல்ல மனிதனால் முடியும். நன்றாகவே முடியும்.

இறக்கம் தொடங்குகிற இடத்தைக் கணினி துல்லியமாகக் காட்டும். நான் அதைப் பார்ப்பதற்கு முதல் மனக்கணக்குப் போடுவேன்: 36,000 அடியில் இருந்தால், 36ஐ மூன்றால் பெருக்கினால் 108, வேகத்தைக் குறைக்க இன்னுமொரு பத்து, ஆக இறங்குகிற இடத்துக்கு 120 கடல் மைலுக்குக் கிட்ட. கணினி 115 என்றால் சரி. 80 என்று காட்டினால் யாரோ எங்கேயோ தப்பான உயரத்தையோ காற்றையோ ஏற்றியிருக்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் பெருக்கல்தான். ஆனால் அந்தக் கணக்குப் போடுகிற நேரத்தில் விமானம் எங்கே நிற்கிறது என்பது எனக்குத் தெரிந்திருக்கிறது. கணினி சொன்னதை மட்டும் நம்பினால் தெரிவதில்லை.

எதிர்பார்ப்பு இல்லாமல் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2009 பெப்ரவரி 25 அன்று அம்ஸ்டர்டாமில் விழுந்த துருக்கிய விமானம் உதாரணம். போயிங் 737. கொக்பிட்டில் மூன்று விமானிகள். இடது பக்கத்து ரேடியோ உயரமானி பழுதாகி, காற்றில் இருக்கும்போதே விமானம் தரையைத் தொட்டுவிட்ட மாதிரி அளவு காட்டியது. தானியங்கி வலுக் கட்டுப்பாடு அதை நம்பி எஞ்சின் வலுவைக் குறைத்துவிட்டது. வேகம் விழுந்துகொண்டே போனது. அந்த நேரத்தில் தரையிறங்கும் முன் செய்ய வேண்டிய சரிபார்ப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. வேகத்தைக் காட்டும் திரை எல்லோருக்கும் முன்னால்தான் இருந்தது. 135 பேரில் 9 பேர் இறந்தார்கள், மூன்று விமானிகளும் உட்பட. மூன்று சோடிக் கண்கள் இருந்தும் போதவில்லை.

இனிக் கவனச்சிதறல். இதில் எல்லா விமானிகளுக்கும் பாடமாகச் சொல்லித் தருகிற விபத்து 1972 டிசம்பர் 29இல் மயாமிக்குப் பக்கத்தில் நடந்தது. ஈஸ்டர்ன் நிறுவனத்தின் லொக்ஹீட் எல்-1011. அந்தக் காலத்தில் புத்தம் புதிய விமானம். மூக்குச் சக்கரம் இறங்கிப் பூட்டிவிட்டது என்று காட்டும் பச்சை விளக்கு எரியவில்லை. 2,000 அடியில் ஓட்டோபைலட்டைப் போட்டுவிட்டு, கொக்பிட்டில் இருந்தவர்கள் எல்லோரும் அந்தப் பல்புக்குப் பின்னால் போனார்கள். ஒருவர் பல்பைக் கழற்ற, இன்னொருவர் கீழே இறங்கிச் சக்கரத்தைப் பார்க்க. இடையில் கைப்பிடி இலேசாகத் தள்ளுப்பட்டு, உயரத்தைப் பிடிக்கிற வேலையை ஓட்டோபைலட் விட்டுவிட்டது. எச்சரிக்கை மணி ஒரு தடவை அடித்தும் யார் காதிலும் ஏறவில்லை. எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விழுந்தது. 176 பேரில் 101 பேர் இறந்தார்கள். சக்கரம் சரியாகத்தான் இருந்தது. பல்புதான் எரிந்துபோயிருந்தது.

பல்பைப் பார்த்தது பிழையில்லை, பார்க்கத்தான் வேண்டும். "பல்பை நீ பார், விமானத்தை நான் பார்க்கிறேன்" என்று ஒருவர் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும்.

அப்படிச் சொல்வதை நேரில் கண்ட இரவொன்று எனக்கு உண்டு. வளைகுடாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்தோம். அரபிக்கடலுக்கு மேலே, நள்ளிரவு தாண்டியிருந்தது. கப்டன் ஒரு மலையாளி, அமைதியான மனிதர். கேபினிலிருந்து அழைப்பு: பயணி ஒருவருக்கு நெஞ்சு நோவு, வியர்த்துக் கொட்டுகிறது. கப்டன் உடனே கேபினுக்குப் பதில் சொல்லவில்லை. முதலில் என் பக்கம் திரும்பி, "விமானமும் ரேடியோவும் உன்னிடம்" என்றார். "என்னிடம்" என்று நான் திருப்பிச் சொன்ன பிறகுதான் இன்டர்போனை எடுத்தார்.

அதற்கப்புறம் கப்டன் பேசுவதில் பாதி என் காதில் விழுகிறது. டொக்டர் யாராவது இருக்கிறாரா, ஒக்சிஜன் கொடுத்தாச்சா, வயது என்ன. பிறகு கேபின் பெண் சொல்கிறாள், ஆள் அம்பாறைப் பக்கமாம், கூட வந்தவர் அழுகிறாராம். அம்பாறை என்றவுடன் என் மனம் பின்னால் ஓடிவிட்டது. யாராக இருக்கும், கல்முனையா, அக்கரைப்பற்றா, எங்கள் ஆட்களுக்குத் தெரிந்தவரா என்று திரும்பிக் கேட்க நா துடிக்கிறது. கேட்டிருந்தால் அந்த நிமிடத்தில் விமானத்தைப் பார்க்க ஆளில்லை. கேட்கவில்லை. உயரம், வேகம், எரிபொருள், திருவனந்தபுரம் எவ்வளவு தூரம், கொழும்பு எவ்வளவு தூரம், திரும்ப வேண்டி வந்தால் எந்தப் பக்கம் திரும்புவது. ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எட்டிப் பார்க்கத் துடிக்கிற மனதைக் கட்டி வைக்க அதுதான் வழி. மனதைச் சும்மா விட்டால் அது பின்னால்தான் போகும்.

நல்ல காலம், பயணிகளில் ஒரு டொக்டர் இருந்தார். நிலைமை கட்டுப்பாட்டில், கொழும்பு வரை போகலாம் என்று சொன்னார். கப்டன் இன்டர்போனை வைத்துவிட்டு, நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, "உன் பக்கம் என்ன மாற்றம்?" என்று கேட்டு, நான் சொன்ன ஒவ்வொன்றையும் திரையில் பார்த்த பிறகுதான் ரேடியோவைத் திருப்பி எடுத்தார். கட்டுநாயக்கவில் அம்புலன்ஸ் காத்திருந்தது. மனிதர் சக்கர நாற்காலியில் இருந்தபடி எல்லோருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டு போனதாகக் கேபின் ஆட்கள் சொன்னார்கள். கல்முனைக்காரராம்.

அந்த இரவில் இன்னொன்றும் செய்தேன். ரேடியோ நெடுநேரம் சத்தமில்லாமல் கிடந்தது. கேட்கிறதா என்று கூப்பிட்டேன், பதில் வந்தது. அந்த நேரம் அந்த அலைவரிசையில் வேறு ஆளில்லை, அவ்வளவுதான். ரேடியோ அமைதியாக இருந்தால் மனதுக்கு இதம். அந்த இதத்தை நம்பக் கூடாது. 2009 ஒக்டோபர் 21இல் சான் டியாகோவிலிருந்து மினியாபொலிஸ் போன நோர்த்வெஸ்ட் 188ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஏ320தான், 144 பயணிகள். 37,000 அடியில் ஓட்டோபைலட் ஒழுங்காக ஓட்ட, விமானிகள் இருவரும் லப்டொப்பைத் திறந்து, நிறுவனத்தின் புதிய வேலை அட்டவணை முறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் யாருக்கும் பதிலில்லை. இறங்க வேண்டிய ஊரை 100 மைலுக்கு மேல் தாண்டிப் போய்விட்டார்கள். எப்போது இறங்குவோம் என்று கேபினிலிருந்து கேட்ட பிறகுதான் விழித்தார்கள். யாருக்கும் காயமில்லை; இருவருடைய அனுமதிப் பத்திரமும் பறிபோனது. கொக்பிட்டில் சொந்த வேலைக்கு லப்டொப், டப்லெட் பாவிக்கக் கூடாதென்று அமெரிக்காவில் 2014இல் விதியே போட்டார்கள்.

அவர்கள் பேசியது சினிமா இல்லை, அரட்டை இல்லை, அலுவலக வேலை. அதனால்தான் அந்தக் கதை எனக்குப் பயம் தருகிறது. கவனத்தைத் திருடுகிறது எல்லாம் விளையாட்டாக வராது. உருப்படியான வேலையாக வருவதுதான் கூட.

10,000 அடிக்குக் கீழே பறப்போடு சம்பந்தமில்லாத பேச்சே கூடாது என்ற விதி 1981இல் அமெரிக்காவில் வந்து, இன்று உலகமெங்கும் பழக்கமாகிவிட்டது. 1974இல் சார்லட்டில் இறங்கும்போது அரசியலும் பழைய கார்களும் பேசிக்கொண்டே தரையில் மோதி, 70 பேருக்கு மேல் இறந்த விபத்துத்தான் அதற்குப் பெரிய காரணம். கீழே வேலை நிறைய இருப்பதால் அந்த விதியைக் காப்பாற்றுவது சுலபம். மேலே, ஒன்றும் நடக்காத இரண்டு மணி நேரத்துக்கு விதி குறைவு. அங்கே அவரவர் பழக்கம்தான்.

என் பழக்கங்கள் சாதாரணமானவை. வழிப்புள்ளி ஒவ்வொன்றிலும் நேரத்தையும் எரிபொருளையும் பேனையால் எழுதுவேன், கணினி காட்டினாலும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சாப்பிட மாட்டோம். சரிபார்ப்புப் பட்டியல் பாதியில் தடைப்பட்டால் விட்ட இடத்தைத் தேடாமல் முதலாம் வரியிலிருந்து தொடங்குவேன். விட்ட இடம் என்று நாம் நினைப்பது பல நேரம் விட்ட இடமாக இருப்பதில்லை. வரைபடம் பார்க்கிற டப்லெட்டில் வேறெதுவும் இல்லை. போன் பையில், பை ஆசனத்துக்குப் பின்னால். நித்திரை வேறு விஷயம், அதை மன உறுதியால் வெல்ல முடியாது. கண் சொக்கினால் பக்கத்தில் இருப்பவரிடம் வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும்; ஒருவர் முறைப்படி சொல்லிவிட்டுச் சற்றுக் கண்ணயர அனுமதிக்கிற நிறுவனங்களும் இருக்கின்றன.

பேச்சை மட்டும் நான் குறைப்பதில்லை. மேலே பறக்கும்போது பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டிருப்பது நல்லது என்பது என் கட்சி. பேசும்போது கண் திரையில் இருக்கலாம், பக்கத்து ஆள் விழித்திருக்கிறார் என்றும் தெரியும். மேலே சொன்ன கப்டன் இதை ஒத்துக்கொள்ளவில்லை. பேச்சு இழுத்துக்கொண்டு போய்விடும், அதைவிடத் தாளில் ஒரு சுடோகு போடலாம், எந்த நிமிடமும் கீழே வைத்துவிடலாம் என்பார். சுடோகு போடுகிறவர் தலை குனிந்திருக்கிறதே என்றேன். "உன் மாமாவின் வானில் முன்சீட்டுக்காரர் கதைத்துக் கதைத்து மாமாவின் காதை எடுத்துக்கொண்டால்?" என்று கேட்டார். அந்த முறை லீவில் மாமாவிடம் கேட்டேன். "கதைக்கலாம், ஆனா கதை சொல்லப்படாது" என்றார். அதாவது, ரெண்டு வசனத்தில் முடிகிற பேச்சு பரவாயில்லை, முடிவு என்ன என்று காத்திருக்க வைக்கிற கதை வேண்டாம். கப்டனிடம் போய்ச் சொன்னேன். அவர் இன்னும் சுடோகுப் பக்கம்தான்.